குறைந்த விலை டர்ன்டேபிள்: வடிவமைப்பையும் கட்டுமானத் தரத்தையும் மதிப்பிடுதல்

டர்ன்டேபிள் என்பது இசைத்தட்டை மாறாத வேகத்தில் சுழற்றி, அதன் பள்ளத்தில் பதிந்துள்ள அதிர்வுகளை ஊசியின் வழியாக மின்குறிப்புகளாக மாற்றித் தரும் கருவி ஆகும். தமிழ்நாட்டில் 'ரிக்கார்டு பிளேயர்' என்ற பெயரே பரவலாக வழங்குகிறது. எனினும் இரண்டுக்கும் சிறு வேறுபாடு உண்டு. ரிக்கார்டு பிளேயரில் ஒலிபெருக்கும் கருவியும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும். டர்ன்டேபிளில் அவை தனியாக இருக்கும்; இசைத்தட்டைச் சுழற்றுவதும் அதன் பள்ளத்தைப் படிப்பதுமே அதன் வேலை. இசையை நுணுகிக் கேட்போருக்காக, அதே நேரத்தில் நடுத்தரக் குடும்பத்தினர் வாங்கக்கூடிய விலையில் செய்யப்படுவது குறைந்த விலை டர்ன்டேபிள். அதன் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்த மதிப்பீடு வெறும் பொழுதுபோக்கு சார்ந்தது அன்று. தரமற்ற கருவி மோசமாக ஒலிப்பதோடு நின்றுவிடுவதில்லை; இசைத்தட்டையும் தேய்த்துக் கெடுக்கிறது. பழைய தமிழ் இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை மறுபடி அச்சிடப்படாதவை. கருவி பழுதானால் வேறொன்று வாங்கலாம். தட்டு தேய்ந்தால் அந்தப் பதிவு அந்த வீட்டைப் பொறுத்தவரை அழிந்ததாகவே பொருள்.

பின்புலம்

இந்தியாவில் வணிக நோக்கிலான இசைப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனி 1908-இல் அந்நகரின் சியால்தாவில் இசைத்தட்டு அச்சிடும் ஆலையை நிறுவியது. 1928-இல் டம்டம்மில் பெரிய ஆலை வந்தது. நாயின் படம் பொறித்த எச்.எம்.வி. தட்டுகள் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் பங்குதாரர்களுடன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930-களில் ஓடியன் தட்டுகளைத் தமிழகத்தில் பரப்பியது.

தொடக்ககாலத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழல்பவை. கீழே விழுந்தால் உடைபவை. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் பிளாஸ்டிக்கில் 33⅓ சுற்று எல்.பி. தட்டையும், 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்றுத் தட்டையும் அறிமுகம் செய்தன. தமிழ்த் திரைப்பாடல்கள் பின்னாளில் 7 அங்குல 45 சுற்றுத் தட்டுகளில், பக்கத்திற்கு இரண்டாக நான்கு பாடல்களுடன் மிகுதியாக வெளிவந்தன.

சிற்றூர் மக்களில் பலர் இசைத்தட்டை அறிந்தது சொந்தக் கருவியின் வழியாக அன்று. திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட்காரர் கொண்டுவந்த ரிக்கார்டு பிளேயரும் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியுமே அவர்களுக்கு இசைத்தட்டை அறிமுகம் செய்தன. வசதியுள்ள வீடுகளில் எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற சிறு பெட்டி பிளேயர்கள் இருந்தன. 1980-களில் கேசட் பரவியபின் தட்டுகள் பரணுக்குச் சென்றன.

அண்மை ஆண்டுகளில் இசைத்தட்டு மீண்டும் நாடப்படுவதால், பரணில் இருந்த தட்டுகளை இறக்கிக் கேட்க விரும்புவோர் பெருகியுள்ளனர். மாரண்டஹள்ளி, தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில், தருமபுரியிலிருந்து ஓசூர் செல்லும் ரயில் பாதையில் அமைந்த பேரூராட்சி ஆகும். இத்தகைய ஊர்களில் டர்ன்டேபிளைக் கேட்டுப் பார்த்து வாங்கும் கடை பொதுவாக இருப்பதில்லை. ஒன்று பெங்களூரு சென்று வாங்க வேண்டும். அல்லது இணையத்தில் வாங்கி, பெட்டியைப் பிரித்தபின் வீட்டிலேயே சோதிக்க வேண்டும். ஆகவே கையாலும் கண்ணாலும் கடிகாரத்தாலும் செய்யக்கூடிய சோதனைகளை அறிந்திருப்பது இன்றியமையாதது.

ஊசி செய்யும் வேலை

டர்ன்டேபிளில் எந்த உறுப்பு முதன்மையானது என்பதை அறிய, அது செய்யும் வேலையின் நுட்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எல்.பி. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி ஆகும். 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 667 சுற்றுகள் உள்ளன. அப்பள்ளத்தை நீட்டிவைத்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். பள்ளத்தின் அகலமோ தலைமுடியின் தடிமனை ஒத்தது. அதன் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகளே இசை. மெல்லிய ஒலிகளுக்குரிய நெளிவுகள் ஒரு மைக்ரோமீட்டருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவானவை.

இவ்வளவு சிறிய அசைவைப் படிக்கும் ஊசிக்கு, அது பள்ளத்தின் சுவரால் அசைகிறதா, மோட்டாரின் அதிர்வால் அசைகிறதா, தரையில் யாரோ நடப்பதால் அசைகிறதா என்ற வேறுபாடு தெரியாது. எல்லா அசைவையும் அது ஒலியாகவே மாற்றும். நல்ல டர்ன்டேபிளின் இலக்கணம் இதிலிருந்து கிடைக்கிறது: தட்டு ஒரே வேகத்தில் சுழல வேண்டும், ஊசி பள்ளத்தால் மட்டுமே அசைய வேண்டும், ஊசியைத் தாங்குவன அனைத்தும் அசையாமல் இருக்க வேண்டும். விலை எதுவாயினும் கருவியை இந்த மூன்றைக் கொண்டே அளக்க வேண்டும்.

விலைக் குறைவும் தரமும்

விலை குறைந்தால் தரமும் குறையும் என்பது எப்போதும் உண்மையாவதில்லை. அமெரிக்கப் பொறியாளர் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏ.ஆர். டர்ன்டேபிள் 1961-இல் வெளிவந்தது. அதில் தானியங்கி வசதி எதுவும் இல்லை. மோட்டார் வெளிப்பெட்டியில் பொருத்தப்பட்டிருந்தது. சுழல்தட்டும் ஊசிக்கையும் ஒரே உலோகச் சட்டத்தில் இணைக்கப்பட்டு, அச்சட்டம் சுருள்வில்களின் மேல் தொங்கியது. பெட்டியைத் தட்டினாலும் ஊசி தாவவில்லை; வெளி அதிர்வு வில்களோடு நின்றுவிட்டது. தன் காலத்தின் விலையுயர்ந்த கருவிகளோடு இது போட்டியிட்டது. பின்னாளில் வந்த பல புகழ்பெற்ற டர்ன்டேபிள்கள் இதே அமைப்பைப் பின்பற்றின.

இங்கிலாந்தில் 1973-இல் தொடங்கப்பட்ட ரீகா நிறுவனம் வேறு வழியில் சென்றது. வில்களை விட்டுவிட்டு, இலேசான, ஆனால் விறைப்பான பலகையின் மேல் எல்லாவற்றையும் பொருத்தியது. கனமான பலகை அதிர்வைச் சேமித்து மெல்ல வெளியிடும், இலேசான விறைப்பான பலகை அதை விரைவில் விட்டுவிடும் என்பது அதன் கொள்கை. ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனமோ பெல்ட்டையே நீக்கி, மோட்டாரின் அச்சிலேயே சுழல்தட்டை அமர்த்தும் நேரடி இயக்க முறையைக் கொண்டுவந்தது. அதன் எஸ்.எல். 1200 மாதிரி 1972-இல் வெளிவந்தது.

இந்த மூன்று வழிகளும் ஒன்றோடொன்று மாறுபட்டவை. ஆயினும் மூன்றும் வெற்றி பெற்றன. ஆகவே 'பெல்ட் இயக்கம் சிறந்ததா, நேரடி இயக்கம் சிறந்ததா' என்ற வினாவைவிட, 'தேர்ந்தெடுத்த வழியை இக்கருவி ஒழுங்காகச் செய்திருக்கிறதா' என்ற வினாவே பயன் தருவது. பட்ஜெட் கருவியில் செலவிடக்கூடிய பணம் சிறிது. அது அச்சு, பேரிங், ஊசிக்கை, ஊசி ஆகியவற்றில் செலவிடப்பட்டதா, மர மினுக்கிலும் புளூடூத்திலும் செலவிடப்பட்டதா என்று பார்ப்பதே மதிப்பீட்டின் சாரம்.

உறுப்புகளை மதிப்பிடுதல்

1. அடிப்பலகையும் கால்களும்

அடிப்பலகை பெரும்பாலும் அழுத்தப்பட்ட மரத்தூள் பலகையாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. பிளாஸ்டிக் என்பதாலேயே தாழ்ந்தது என்று கொள்ளக்கூடாது. உள்ளே விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் விறைப்பாக இருக்கும். வெற்றுக் கூடாக இருந்தால் தகரம் போல ஒலிக்கும். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் வேறுபாடு தெரியும். 'டொக்' என்று உடனே அடங்கினால் நல்லது. 'டம்' என்று முழங்கினால் உள்ளே வெற்றிடம் அதிகம்.

எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல முறுக்கினால் பலகை நெளியக்கூடாது. கால்கள் ரப்பர் அல்லது அதுபோன்ற மென்பொருளைக் கொண்டிருக்க வேண்டும். உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் கால்கள் கூடுதல் நன்மை. சிற்றூர் வீடுகளின் மேசைகள் எப்போதும் சமமாக இருப்பதில்லை.

2. மோட்டாரும் வேகமும்

இங்கு கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சராசரி வேகம் சரியாக இருக்கிறதா என்பது. மற்றொன்று, அந்த வேகம் ஏறி இறங்காமல் இருக்கிறதா என்பது.

சராசரி வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் போதும். சுழல்தட்டின் விளிம்பில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, இசைத்தட்டை வைத்து, ஊசியையும் இறக்கியபின் சுற்றுகளை எண்ண வேண்டும். 33⅓ வேகத்தில் 100 சுற்றுகள் சரியாக 180 நொடியில் முடிய வேண்டும். 178 நொடியில் முடிந்தால் வேகம் ஏறத்தாழ 1 விழுக்காடு அதிகம். 45 வேகத்தில் 3 நிமிடத்திற்கு 135 சுற்றுகள் வர வேண்டும். ஒரு சுரத்தானத்திற்கும் அடுத்த சுரத்தானத்திற்கும் இடையே அதிர்வெண் வேறுபாடு சுமார் 6 விழுக்காடு. ஆகவே 1 விழுக்காட்டுப் பிழை என்பது அந்த இடைவெளியின் ஆறில் ஒரு பங்கு. தட்டோடு சேர்ந்து பாடுவோரும் வயலின் வாசிப்போரும் இதை உணர்வார்கள். மற்றவர்கள் உணராமலும் போகலாம்.

வேகம் ஏறி இறங்குவது இதைவிடத் தொல்லை தருவது. இதைச் சோதிக்கத் திரைப்பாடலின் தாளக்கட்டு உதவாது. நாகஸ்வரத்தின் நீண்ட கார்வை, வீணையின் மீட்டு, பின்னணியில் தொடரும் தம்புராச் சுருதி ஆகியவையே ஏற்றவை. சுருதி அலைபோல் நெளிந்தால் குறை உண்டு. ஆனால் அந்தக் குறை தட்டிலும் இருக்கலாம். தட்டின் நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலே சுருதி ஒவ்வொரு சுற்றிலும் அரை விழுக்காடு ஏறி இறங்கும். ஆகவே இரண்டு மூன்று தட்டுகளை மாற்றிப் போட்டுப் பார்த்தபின்பே கருவியைக் குறை சொல்ல வேண்டும்.

நிறுவனங்கள் இந்த நெளிவை 'வவ் அண்ட் ஃபிளட்டர்' என்ற பெயரில் விழுக்காடாகத் தருகின்றன. ஆடியோ டெக்னிகா ஏ.டி. எல்.பி. 60எக்ஸ் மாதிரிக்கு 0.25 விழுக்காட்டிற்கும் குறைவு எனவும், டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 மாதிரிக்கு 0.025 விழுக்காடு எனவும் அந்நிறுவனங்கள் குறிப்பிட்டுள்ளன. எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஆனால் அளக்கும் முறை ஒன்றாக இருந்தால்தான் இரு கருவிகளின் எண்களை ஒப்பிட முடியும்.

3. சுழல்தட்டும் பேரிங்கும்

சுழல்தட்டு அலுமினியம், எஃகு, கண்ணாடி, பிசின், பிளாஸ்டிக் எனப் பல பொருள்களில் வரும். கனமான தட்டு சுழற்சியில் நிலைபெற்று, மோட்டாரின் சிறு தள்ளல்களை விழுங்கிவிடும். விளிம்பில் கனம் மிகுந்திருந்தால் இந்தப் பயன் அதிகம். மிக இலேசான பிளாஸ்டிக் தட்டு இதைச் செய்ய இயலாது.

சுழலும்போது தட்டின் விளிம்பைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் தெரியக்கூடாது. பின்னர் கருவியை நிறுத்தி, விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் அச்சு லொடலொடவென்று ஆடக்கூடாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தட்டைக் கையால் ஒருமுறை சுற்றிவிட்டால், அது உரசல் ஓசையின்றி மெல்ல மெல்ல நிற்க வேண்டும். சட்டென்று நின்றாலோ கரகரத்தாலோ பேரிங் சரியில்லை. பட்ஜெட் கருவிகளில் பிற்காலத்தில் சரிசெய்யவே முடியாத குறை பேரிங் குறைதான். ஆகவே இந்தச் சோதனையைத் திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் செய்துவிட வேண்டும்.

4. ஊசிக்கை

டோன் ஆர்ம் எனப்படும் ஊசிக்கை, தட்டின் விளிம்பிலிருந்து நடுவரை ஊசியைக் கொண்டுசெல்வது. அது இரு திசைகளிலும் தடையின்றி அசைய வேண்டும். ஆனால் மூட்டில் ஆட்டம் இருக்கக்கூடாது. இவ்விரண்டும் சேர்ந்து அமைவது கடினம். உற்பத்திச் செலவின் வேறுபாடு தெளிவாக வெளிப்படும் இடமும் இதுவே.

முதலில் ஆட்டத்தைச் சோதிக்கலாம். கார்ட்ரிட்ஜ் பொருந்தியுள்ள முனையை இரு விரலால் பிடித்து முன்னும் பின்னும் மிக மெல்ல அசைத்தால் 'டிக்' என்ற ஓசையோ தளர்வோ தெரியக்கூடாது. அடுத்து உராய்வு. பின்புறச் சமன் எடையைத் திருகி, கை தராசு முள் போல நடுவில் மிதக்கும்படி செய்ய வேண்டும். ஊசியின் உறையைக் கழற்றாமல் இதைச் செய்வது பாதுகாப்பானது. மிதக்கும் கையை வாயால் மெல்ல ஊதினால் அது நகர்ந்து, தயக்கமின்றி நிற்க வேண்டும். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் மூட்டு இறுகியுள்ளது.

சமன் எடையே இல்லாத ஊசிக்கைகளும் சந்தையில் உண்டு. அவற்றில் ஊசியின் அழுத்தத்தை வாங்குபவர் மாற்ற முடியாது. தொழிற்சாலையில் வைத்ததே கடைசி. இசையை நுணுகிக் கேட்க வாங்கும் கருவியில் சமன் எடையும், கை உள்நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி ஸ்கேட் அமைப்பும் இருப்பது குறைந்தபட்சத் தகுதி எனலாம்.

5. கார்ட்ரிட்ஜும் ஊசியும்

இசைத்தட்டைத் தொடும் ஒரே உறுப்பு ஊசி. அது பள்ளத்தைத் தொடும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. இரண்டு கிராம் எடைதான் என்றாலும், அவ்வளவு சிறிய பரப்பில் விழும்போது அழுத்தம் மிகப் பெரிதாகிறது.

பழைய பெட்டி பிளேயர்களிலும், இன்று மலிவாக விற்கும் சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றிலும் செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜ் உள்ளது. அவற்றில் ஊசி அழுத்தம் 5 கிராம் அளவுக்குப் போவதுண்டு. நகரும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜ்களுக்கு 1.5 முதல் 2 கிராம் போதும். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் 1.8 கிராமிலும், ஆடியோ டெக்னிகா வி.எம். 95ஈ 2 கிராமிலும் இயங்குகின்றன. அழுத்தத்தை மிகவும் குறைப்பதும் தவறு. ஊசி பள்ளத்தில் பதியாமல் துள்ளி, சுவர்களை மோதிச் சேதப்படுத்தும். ஆகவே நிறுவனம் குறிப்பிட்ட அளவையே வைக்க வேண்டும். ஊசி அழுத்தத்தை அளக்கும் சிறு மின்னணுத் தராசு குறைந்த விலையில் கிடைக்கிறது. அது நல்ல முதலீடு.

ஊசியைத் தனியே கழற்றி மாற்ற முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வைர முனையும் சுமார் 500 மணி நேரத்திற்குப் பின் மாற்றப்பட வேண்டியதே. மலிவான சஃபையர் முனையின் ஆயுள் இதில் சிறு பங்கே. மாற்று ஊசி கிடைக்காத கருவி, விலை எவ்வளவு குறைந்தாலும், நட்டமே.

முன்புறமிருந்து பார்க்கும்போது கார்ட்ரிட்ஜ் ஒரு பக்கம் சாயாமல் நேராக நிற்க வேண்டும். தட்டின் மேல் சிறு கண்ணாடியை வைத்து ஊசியை அதன் அருகே இறக்கிப் பார்த்தால், கார்ட்ரிட்ஜும் அதன் நிழலுருவும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும்.

6. மின் இணைப்புகள்

நகரும் காந்தக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட்; சி.டி. பிளேயர் தருவதோ 2 வோல்ட். இதனால்தான் ஃபோனோ பிரீஆம்ப் என்ற முன்பெருக்கி தேவைப்படுகிறது. தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகள் குறைக்கப்பட்டு உச்ச ஒலிகள் கூட்டப்படுகின்றன. 1954-இல் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. நெறியின்படி அதை மீண்டும் சமப்படுத்துவதும் இந்த முன்பெருக்கியின் வேலை. கருவிக்குள்ளேயே முன்பெருக்கி இருந்தால் தொடக்கத்தில் செலவு குறையும். அதை நிறுத்திவிட்டு வெளி முன்பெருக்கியை இணைக்கும் வசதியும் இருந்தால் பின்னாளில் மேம்படுத்தலாம்.

இவ்வளவு சிறிய மின்குறிப்பில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் எளிதில் கலந்துவிடும். எர்த் கம்பி சரியாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டின் மூன்றுமுனை பிளக்கில் எர்த் இல்லாமலிருந்தால் கருவியைக் குறை கூறுவதில் பயனில்லை. முதலில் எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

அதிர்வுச் சோதனை

எல்லா உறுப்புகளும் சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்பதை ஓர் எளிய சோதனை காட்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு, பழைய தட்டு ஒன்றின் மேல் ஊசியை இறக்கி, ஒலியளவை வழக்கமான அளவுக்குக் கூட்ட வேண்டும். இப்போது மேசையை விரலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் எவ்வளவு கேட்கிறது என்பது, அடிப்பலகையும் கால்களும் வெளி அதிர்வை எவ்வளவு தடுக்கின்றன என்பதைக் காட்டும். பெல்ட் கருவியாயின், பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓடவிட்டுக் கேட்டால் மோட்டாரின் அதிர்வு எவ்வளவு வருகிறது என்பது தெரியும். இறுதியாக, பாட்டு முடிந்து ஊசி வெற்றுப் பள்ளத்தில் ஓடும்போது கேட்கும் 'குர்ர்' என்ற தாழ்ந்த உறுமல் பேரிங்கின் தன்மையைச் சொல்லும்.

சந்தையிலுள்ள சில மாதிரிகள்

பட்ஜெட் வகையில் பரவலாக அறியப்பட்ட நான்கு மாதிரிகள் நான்கு விதமான சமரசங்களைக் காட்டுகின்றன.

ஆடியோ டெக்னிகா ஏ.டி. எல்.பி. 60எக்ஸ் முழுத் தானியங்கி. பொத்தானை அழுத்தினால் ஊசி தானே இறங்கும், தானே திரும்பும். அலுமினியச் சுழல்தட்டும் உள் முன்பெருக்கியும் உண்டு. ஆனால் அழுத்தத்தை மாற்ற முடியாது. கார்ட்ரிட்ஜ் வகையையும் மாற்ற முடியாது. ஊசியை மட்டும் மாற்றலாம். முதியோருக்கும் தொடக்க நிலையினருக்கும் ஏற்றது, மேம்படுத்த இடமில்லை.

அதே நிறுவனத்தின் எல்.பி. 120எக்ஸ் நேரடி இயக்கம் கொண்டது. சமன் எடை, ஆன்டி ஸ்கேட், ஊசிக்கை உயர மாற்றம், 33, 45, 78 ஆகிய மூன்று வேகங்கள் என வசதிகள் பல. பழைய 78 தட்டுகள் உள்ள வீட்டிற்கு இது பொருந்தும்.

ரீகா பிளானர் 1 வசதிகளைக் குறைத்து அடிப்படையில் பணத்தைச் செலவிட்ட கருவி. வேகத்தை மாற்றச் சுழல்தட்டைத் தூக்கிப் பெல்ட்டைக் கையால் மாற்ற வேண்டும். 78 வேகம் இல்லை. ஆனால் ஊசிக்கை அதன் விலைக்கு மீறிய தரம் உடையதாகப் பாராட்டப்படுகிறது.

புரோஜெக்ட் நிறுவனத்தின் டெபூ கார்பன் ஈவோ சற்று விலை கூடியது. கார்பன் இழை ஊசிக்கையும், அதிர்வடக்கும் வளையம் சேர்த்த 1.7 கிலோ எஃகுச் சுழல்தட்டும் கொண்டது. வேகத்தைப் பொத்தானால் மாற்றலாம். 78-க்குத் தனி பெல்ட் பயன்படுத்த வேண்டும்.

78 சுற்றுத் தட்டுகள்

பழைய வீடுகளில் 78 தட்டுகளும் எல்.பி. தட்டுகளும் கலந்தே இருக்கும். இவற்றை ஒரே ஊசியால் இயக்கக்கூடாது. 78 தட்டின் பள்ளத்திற்கு முனை ஆரம் சுமார் 75 மைக்ரோமீட்டர் உள்ள ஊசி வேண்டும், எல்.பி. தட்டின் ஊசி முனை சுமார் 18 மைக்ரோமீட்டரே. நுண்ணிய ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் புரண்டு இரைச்சலைத் தரும். பருத்த ஊசி எல்.பி. பள்ளத்தைச் சிதைத்துவிடும். வி.எம். 95 வரிசையில் 78 தட்டுக்கென்றே தனி ஊசி உண்டு. அதே கார்ட்ரிட்ஜில் அதை மாற்றிப் பொருத்தலாம். 78 தட்டுகளையும் கேட்க விரும்புவோர் வாங்கும் முன்பே, வேகம் மட்டுமன்றி இத்தகைய ஊசியும் கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சிற்றூர்ச் சூழலில் கவனிக்க வேண்டியவை

மாரண்டஹள்ளி போன்ற ஊரில் கருவியின் தரத்தைச் சோதிக்கும் புறக்காரணிகள் மூன்று: மின்சாரம், தூசி, வெப்பம்.

மின்னழுத்தம் ஏறி இறங்குவது பலரும் அஞ்சுவது போல வேகத்தைப் பாதிப்பதில்லை. ஒத்திசைவு வகை ஏ.சி. மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ். மின்தொகுப்பில் இது மிகக் குறுகிய எல்லைக்குள் காக்கப்படுகிறது. டி.சி. மோட்டார்களில் உள்ள மின்னணுச் சுற்று வேகத்தைக் காக்கிறது. உண்மையான சிக்கல் அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய கருவியில் எழும். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கு உரியது. டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தை மாற்றுமே தவிர அதிர்வெண்ணை மாற்றாது. அத்தகைய ஏ.சி. மோட்டார் இங்கு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், அதாவது 33⅓-க்குப் பதில் 27.8 சுற்றுகளே ஓடும். மோட்டாரின் கப்பியை மாற்றினால்தான் சரியாகும். அடாப்டரில் இயங்கும் டி.சி. கருவிகளுக்கு இந்தக் குறை இல்லை.

மின்தடையின்போது ஊசி தட்டின் மேலேயே நின்றுவிடும். மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கலாம். ஆகவே விளக்கு அணைந்ததும் ஊசிக்கையைத் தூக்கி வைத்து, சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம்.

தூசி ஊசியோடு சேர்ந்து உப்புத்தாள் போலப் பள்ளத்தைத் தேய்க்கும். ஆகவே மூடி உள்ள கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும். மூடியின் கீல்கள் எந்தக் கோணத்திலும் நிற்கும் அளவுக்கு இறுக்கமாக இருப்பது நல்ல கட்டுமானத்தின் அறிகுறி. கோடை வெப்பத்தில் ரப்பர் பெல்ட் விரைவில் தளரும். மாற்று பெல்ட் கிடைக்கும் மாதிரியாக இருக்க வேண்டும். வெயில் படும் சன்னலோரத்தில் கருவியையும் தட்டுகளையும் வைத்தால் வினைல் வளைந்துவிடும்.

தவறான அளவுகோல்கள்

எடை மிகுந்தால் தரம் மிகும் என்பது பொதுவான நம்பிக்கை. கடைகளில் கருவியைத் தூக்கிப் பார்த்தே தீர்ப்புச் சொல்வோரும் உண்டு. ரீகா போன்ற இலேசான கருவிகள் இதை மறுக்கின்றன. மர நிறமும் பித்தளைக் குழலும் பழமைத் தோற்றமும் ஒலியோடு தொடர்பற்றவை. பித்தளைக் குழல் பொருத்திய இக்கால 'கிராமபோன்' பலவற்றில் குழல் அலங்காரமே. உள்ளே மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். புளூடூத், யு.எஸ்.பி. வசதிகள் பயனுள்ளவையே. ஆனால் அவை ஊசிக்குப் பின்னால் நிகழ்பவை. ஊசி தவறாகப் படித்ததை அவற்றால் திருத்த முடியாது.

தொகுப்பு

குறைந்த விலையில் வாங்குவோர் விட்டுக்கொடுக்கக்கூடியவை: தானியங்கி வசதி, மர மினுக்கு, கம்பியில்லா இணைப்பு, பொத்தானால் வேகம் மாற்றுதல். விட்டுக்கொடுக்கக்கூடாதவை: ஆட்டமில்லாத பேரிங், நிலையான வேகம், மூட்டு தளராத ஊசிக்கை, அழுத்தத்தை மாற்றும் சமன் எடை, மாற்றக்கூடிய வைர ஊசி. இரு பட்டியலும் மோதும்போது, தட்டைத் தொடும் உறுப்பின் பக்கமே நிற்க வேண்டும். பரணிலிருந்து இறங்கிய தட்டு ஐம்பது ஆண்டுகள் உடையாமல் வளையாமல் காத்திருந்திருக்கலாம். பொருத்தமற்ற ஊசிக்குச் சில முறை ஓடினாலே அதன் உச்ச ஒலிகள் மங்கத் தொடங்கும். புதிய கருவியை முதன்முதலில் சோதிக்கும்போது வீட்டிலுள்ள அரிய தட்டை எடுக்காமல், போனால் வருந்தாத ஒரு தட்டைக் கொண்டே தொடங்குவது நன்று.